பேரனுக்கு ஒரு சோடிக் கையுறை

கிளிநொச்சி வெயிலில் இருந்துகொண்டு குளிருக்குப் போடும் கம்பளிக் கையுறை பின்னினேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஒழுங்கையில் சிரிக்காதவர்கள் இல்லை. முற்றத்து வேம்பின் கீழே கதிரையைப் போட்டு, மடியில் நூல் பந்தும் கையில் இரண்டு நீள ஊசியுமாக நான் இருந்த முதல் நாளே பக்கத்து வளவு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன, இங்கையும் பனி கொட்டப் போகுதோ?" என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தக் கையுறை எனக்கு விளையாட்டு வேலையாக இருக்கவில்லை. அதைச் சொல்வதென்றால் என் கதையிலும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நான் பிறந்தது 1970 இல், புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில். 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ மலையகக் குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. எங்கள் குடும்பமும் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கம்பளியோடும் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா 2004 இல் கண்மூடும்வரை, "இனி அந்த மலை ஏற மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டுக் கேட்டு அந்தச் சொல் எனக்குள்ளும் இறங்கிவிட்டது.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் விழுந்த எறிகணை ஒன்றில் என் கணவர் போய்விட்டார். அதே எறிகணையில் என் வலது கையின் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போயின. காயக்காரரை ஏற்றிய கப்பலில் புல்மோட்டைக்குப் போய், பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தோம். நானும் பதின்மூன்று வயது மகளும் மட்டும்தான். 2010 இல் திரும்பிக் கிளிநொச்சிக்கு வந்து வளவைத் துப்புரவாக்கி, கோழி வளர்த்து, கச்சான் வறுத்து விற்று மகளை வளர்த்தேன்.

அந்த மகள்தான் 2021 இல் கந்தப்பளைப் பொடியன் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது கந்தப்பளை. அங்கிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு எங்கள் சந்தைக்கு வரும் லொறியில் வந்தவர் அவர். நல்ல பிள்ளை. அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மலையில்தான் குறை. எங்களைத் துரத்திய இடத்துக்கே என் பிள்ளை போகிறாளே என்று நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 2022 ஒக்டோபரில் பேரன் பிறந்தபோது, வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை. பஸ் கட்டணம் ஏறிவிட்டது என்றேன். கோழிகளைப் பார்க்க ஆள் இல்லை என்றேன். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் காரணம் அல்ல. மலைக்குப் பயம் ஒரு பக்கம். இந்தக் கையைக் கண்டு பச்சைப் பிள்ளை வீரிட்டு அழுதால் என்ன செய்வேன் என்ற பயம் மற்றப் பக்கம். இந்த இரண்டாவதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

2023 மார்கழி மாதம் மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, இவன் நடக்கத் தொடங்கீற்றான். விடிய எழும்பினால் வெளியிலதான். கை ரெண்டும் ஐஸ்கட்டி மாதிரிக் கிடக்கு. கடையில வாங்கின கையுறை நிக்குதில்லை, கழட்டி எறியிறான்."

அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா சொன்னாள். ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் விடியற்புறத்தில் புல்லின்மேல் உறைபனி படியும் இடம். பதினான்கு மாதப் பிள்ளையின் கை எவ்வளவு சிறியது! சிறிய கை சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். குளிர்கிறது என்று சொல்லவும் அவனுக்குத் தெரியாது.

அடுத்த நாள் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ரீச்சரைக் கண்டேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தையலும் றேந்தைப் பின்னலும் பழக்கியவர். "ரீச்சர், எனக்குக் கையுறை பின்னப் பழக்குவீங்களோ?" என்று கேட்டேன். ரீச்சர் என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. "நாளைக்குப் பின்னேரம் வா பிள்ளை. வரேக்க பத்தாம் இலக்க ஊசி ஒரு சோடியும் எட்டாம் இலக்க ஊசி ஒரு சோடியும் வாங்கிக்கொண்டு வா" என்றார்.

என் முதல் பிழை கடையிலேயே நடந்தது. எட்டாம் இலக்க ஊசியை விடப் பத்தாம் இலக்கம் மொத்தமாக இருக்கும் என்றுதானே யாரும் நினைப்போம்? அன்று கடையில் பத்து இருந்தது, எட்டு இருக்கவில்லை. இன்னும் மெல்லியதாக இருக்கட்டும் என்று ஆறாம் இலக்கம் வாங்கிப் போனேன். ரீச்சர் சிரித்துவிட்டார். பழைய ஆங்கில முறை இலக்கத்தில், இலக்கம் கூடக்கூட ஊசி மெல்லியதாகுமாம். பத்து என்றால் 3.25 மில்லிமீற்றர். எட்டு என்றால் 4 மில்லிமீற்றர். நான் வாங்கிய ஆறு 5 மில்லிமீற்றர், எங்கள் நூலுக்கு மெத்த மொத்தம். ஊசி வாங்கப் போகும் சகோதரிகள் மில்லிமீற்றரைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது சிக்கல் என் கை. பின்னும்போது நூல் இறுகியும் போகக்கூடாது, தொய்ந்தும் போகக்கூடாது. அதற்காக வலது கைச் சுண்டுவிரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற விரல்களுக்கு ஊடாக விடச் சொல்வார்கள். ரீச்சர் தன் கையில் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கு அந்த விரல் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ரீச்சர், இது எனக்குச் சரிவராது போல" என்று எழும்பினேன்.

"இரு பிள்ளை. விரலில்லாட்டிக் கழுத்து இருக்குத்தானே" என்றார் ரீச்சர்.

பகிடி என்றுதான் நினைத்தேன். இல்லை. போர்த்துக்கலிலும் தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலும் பெண்கள் நூலைக் கழுத்தின் பின்பக்கத்தால் சுற்றி விட்டுத்தான் பின்னுகிறார்களாம். சிலர் சட்டையில் ஒரு கொளுக்கி ஊசியைக் குத்தி, அதற்குள்ளால் நூலை விடுவார்கள். நூலின் இறுக்கத்தைக் கழுத்தோ கொளுக்கியோ பார்த்துக்கொள்ளும். விரலுக்கு அந்த வேலை இல்லை. நூல் முன்பக்கம் நிற்கும். இடது கைப் பெருவிரலால் அதை ஊசி நுனிக்கு மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போதும், கண்ணி விழுந்துவிடும். ரீச்சர் பழைய புத்தகமொன்றில் பார்த்தது அரைகுறையாக ஞாபகம். மிச்சத்தை அவரின் பேத்தி கைத்தொலைபேசியில் காணொளி எடுத்துக் காட்டினாள். மூன்று பேரும் ஒரு திரைக்குள் தலையை விட்டுப் பார்த்தோம்.

நம்முடைய கைவேலையில் 'றேந்தை' என்று சொல்கிறோமே, அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அந்த நாட்டுப் பெண்கள் பின்னும் முறை நானூறு வருடம் கழித்து எனக்கு உதவும் என்று யார் நினைத்தார்கள்! போரில் விரல் இழந்தவர்கள், கை முழுதாக மடங்காதவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பின்னலில் இருப்பது இரண்டே இரண்டு கண்ணிதான். நேர்க்கண்ணி, மறுகண்ணி. கழுத்தால் நூல் விடும் முறையில் மறுகண்ணிதான் சுகம். ஆகவே முதல் கிழமை முழுக்க மறுகண்ணியாலேயே சதுரத் துண்டுகள் பின்னினேன். முதல் துண்டு இருபது கண்ணியில் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் விரிந்துகொண்டே போய் விசிறி போல ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது கண்ணி! ஒன்பதும் எங்கிருந்து வந்தன? ரீச்சர் காட்டினார். வரிசை தொடங்கும் இடத்தில் நூலை மேலே இழுத்துவிட்டால் ஒரு கண்ணி இரண்டு கண்ணி போலத் தெரியும். நான் இரண்டையும் பின்னியிருக்கிறேன். சில இடத்தில் ஊசி நூலைப் பிளந்துகொண்டு போனதால் ஒன்று இரண்டாகியிருக்கிறது. "ஒவ்வொரு வரிசை முடிவிலயும் எண்ணு. எண்ணினால் பிழை ஒரு வரிசையோட நிக்கும். எண்ணாமல் விட்டால் ஒரு முழத்துக்குப் போகும்" என்றார்.

துண்டை என்ன செய்வது என்று கேட்டேன். ஊசியை உருவி, நூலைப் பிடித்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன். நான்கு நாள் வேலை நான்கு நிமிடத்தில் கரைந்தது. வயிறு பற்றி எரிந்தது. ஆனால் கையில் பார்த்தால் நூல் ஒரு சாண்கூடக் குறையவில்லை. திரும்பவும் அதே நூலால் தொடங்கினேன். என் வாழ்க்கையில் இழந்த எதையும் நான் இப்படித் திரும்ப எடுத்ததில்லை. கோழி செத்தால் செத்ததுதான். வீடு போனால் போனதுதான். மனிதரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிழைத்தால் அவிழ்த்து மறுபடி தொடங்கலாம் என்ற ஒரு வேலை இருப்பது எனக்குப் புதிதாக இருந்தது. அன்றிலிருந்து பிழை விடுவதற்குப் பயப்படுவதை நிறுத்தினேன்.

மூன்றாவது சிக்கல் நூல். கடையில் எல்லா மொத்த நூலுக்கும் 'ஊல்' என்றுதான் பெயர். ரீச்சர் அதில் ஒரு சிறு துண்டை வெட்டி, இடுக்கியால் பிடித்து, கழுவும் தொட்டிக்கு மேலே நெருப்பில் காட்டினார். அது உருகிச் சுருண்டு கடினமான மணி போல ஆனது. "இது அக்ரிலிக். பிளாஸ்டிக் சாதி. ஆட்டு மயிர் என்றால் மயிர் பொசுங்கின மணம் வரும், சாம்பலாய் உதிரும்" என்றார். அக்ரிலிக் மோசம் என்றில்லை. மலிவு, தோய்ப்பதும் இலேசு. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மகள் வீட்டில் விறகடுப்பு. குளிரில் எல்லோரும் அடுப்படியில்தான் இருப்பார்கள். நடை பழகும் பிள்ளை எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்று, அந்த வயதுப் பிள்ளை கையுறையை வாயில் வைத்துச் சப்பும். அங்கே மூடுபனி வேறு. உண்மையான கம்பளி ஈரத்தை உறிஞ்சினாலும் ஓரளவு சூடு கொடுத்துக்கொண்டிருக்கும். அக்ரிலிக் அப்படியில்லை.

உண்மையான கம்பளி நூலுக்கு நான் எங்கே போவேன்? யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவளுக்கு, ட்ரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

2009 இல் முகாமில் நிவாரண உடுப்பு மூட்டைகள் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் பங்குக்குக் கிடைத்தவற்றில் ஒன்று பெரிய ஆம்பிளைச் சுவெற்றர். கத்தரிப்பூ நிறம். செட்டிக்குளத்து வெக்கையில், கூடாரத்துக்குள் ஆள் வெந்துகொண்டிருக்கும்போது கையில் கம்பளிச் சுவெற்றர்! கொடுத்த புண்ணியவாளர் யாரோ, நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். எனக்கு அன்று ஆத்திரமாக வந்தது. எறியப் போனேன். மகள்தான் வாங்கி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். முகாமில் இருந்த அத்தனை மாதமும் அதுதான் அவளுக்குத் தலையணை. அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் சத்தமில்லாமல் அழுவது எனக்குத் தெரியும். நான் நித்திரை போலக் கிடப்பேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. கிளிநொச்சிக்குத் திரும்பி வரும்போது அதுவும் கூடவே வந்தது. பிறகு பெட்டியின் அடியில் கிடந்தது.

எடுத்துக் கொண்டுபோய் ரீச்சரிடம் கொடுத்தேன். அவர் உட்பக்கத்துத் தையலைப் பார்த்தார். இயந்திரத்தால் வெட்டி ஓரம் அடித்த தையல் என்றால் அவிழ்க்கும்போது துண்டு துண்டாகத்தான் நூல் வருமாம். இது பகுதி பகுதியாகப் பின்னிப் பிறகு பொருத்தியது. பொருத்திய நூலை மட்டும் கத்தரித்து, மேலிருந்து இழுத்தால் ஒரே நூலாக வந்தது. ஒரு கையை மட்டும்தான் அவிழ்த்தோம். துண்டை எரித்துப் பார்த்தோம், மயிர் மணம் வந்தது. கதிரை முதுகில் சுற்றி நூற்கழியாக்கி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்து, பிழியாமல் தொங்கவிட்டோம். சுருட்டை முடி போல இருந்த நூல் காயும்போது நேராகிவிட்டது.

இனி அளவு. பத்தொன்பது, இருபது மாதம்வரை உள்ள பிள்ளைக்கு இது பொருந்தும். பெருவிரலுக்குத் தனியிடம் இல்லாத கையுறை. பழகுபவர்களுக்கு இதுதான் இலேசு. விரல்கள் எல்லாம் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் சூடு மற்றதுக்குக் கிடைக்கும். விரல் விரலாகப் பிரித்த கையுறையை விட இதுதான் சூடு. எட்டு இழை நூலும், பத்துச் சென்ரிமீற்றருக்கு இருபத்திரண்டு கண்ணி விழும் பின்னலும் என்றால் கணக்குச் சரியாக வரும். முதலில் சிறு துண்டு பின்னி அளந்து பாருங்கள்.

பத்தாம் இலக்க ஊசியில் 30 கண்ணி ஏற்றுங்கள். ஒரு நேர்க்கண்ணி, ஒரு மறுகண்ணி என மாறி மாறி 5 சென்ரிமீற்றர் பின்னுங்கள். இது இழுபடும் வரிப் பின்னல், மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். கடைக் கையுறை கழன்று விழுவதற்குக் காரணம் இந்தப் பகுதி கட்டையாக இருப்பதுதான். பிறகு எட்டாம் இலக்க ஊசிக்கு மாறி, ஒரு வரிசை நேர்க்கண்ணி, ஒரு வரிசை மறுகண்ணி என்று 8 சென்ரிமீற்றர் பின்னுங்கள். அடுத்த நேர்க்கண்ணி வரிசையில், ஒன்றைத் தனியாகவும் இரண்டைச் சேர்த்து ஒன்றாகவும் முடிவுவரை பின்னினால் 20 கண்ணி மிஞ்சும். ஒரு வரிசை மறுகண்ணி. அடுத்த வரிசை முழுக்க இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10 கண்ணி. நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோர்த்து, பத்துக் கண்ணிக்குள்ளாலும் விட்டு இழுத்து முடிந்து, அதே நூலால் பக்கத்தைத் தைத்துவிடுங்கள். ஒரு கையுறை முடிந்தது. அதேபோல இன்னொன்று. புது நூல் வாங்கினால் 50 கிராம் பந்து ஒன்று ஒரு சோடிக்குத் தாராளம்.

ரீச்சர் கண்டிப்பாகச் சொன்ன மூன்று விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கையுறையை உட்பக்கம் புரட்டிப் பார்த்து, தொங்கும் நூல் நுனிகளையும் தளர்ந்த கண்ணிகளையும் ஒழுங்காகச் செருகிவிட வேண்டும். மெல்லிய நூல் ஒன்று சின்ன விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். பிள்ளை ஏன் அழுகிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை கழற்றும்போதும் விரல்களைப் பாருங்கள். இரண்டாவது, தொலைந்துவிடும் என்று இரண்டு கையுறையையும் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டக்கூடாது, மணிக்கட்டில் நாடா கட்டவும் கூடாது. நித்திரையில் கையுறை வேண்டாம். மூன்றாவது, கம்பளியைச் சுடுதண்ணீரில் கசக்கித் தோய்த்தால் சுருங்கிப் பலகையாகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் மெல்ல அலசி, துவாய் ஒன்றில் வைத்து அமத்தி, விரித்துக் காயவைக்க வேண்டும்.

இவ்வளவும் இப்போது அடுக்காகச் சொல்லிவிட்டேன். நான் பின்னியது அப்படி அல்ல. முதல் கையுறை எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவாக வந்தது. அவிழ்த்தேன். இரண்டாவதில் நடுவில் ஒரு கண்ணி விழுந்து ஏணி போலக் கீழே ஓடியது. அதையும் அவிழ்த்தேன். மூன்றாவது நன்றாக வந்தது. அதற்குச் சோடி இரண்டு வரிசை கட்டை. ரீச்சர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "பேரன் அளந்து பார்க்க மாட்டான், விடு" என்றார். நான் விடவில்லை. அவிழ்த்துச் சரியாக்கினேன்.

2024 தைப்பொங்கல் முடிந்த மற்ற நாள் கோழிகளைப் பக்கத்து வளவு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். கண்டியில் இறங்கி நுவரெலியா பஸ்ஸில் மாறினேன். புசல்லாவையைத் தாண்டும்போது யன்னலோரம் இருந்தேன். நாற்பத்தாறு வருடம். எங்கள் தோட்டத்துக்குப் போகும் வழி எது என்று தெரியவில்லை. எல்லாப் பச்சையும் ஒரே பச்சையாக இருந்தது. கொழுந்துக் கூடையோடு ஒரு அம்மா வீதியோரத்தில் நின்றார். அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மலை ஏற ஏறக் குளிர் கூடியது. நான் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. காது அடைத்தது, அவ்வளவுதான்.

மருமகன் பஸ் தரிப்பிடத்தில் காத்திருந்தார். "வாங்க அத்தை, வாங்க" என்று பையை வாங்கினார். எங்கள் பக்கம் மாமி என்பார்கள். அம்மாவின் தாய்வீட்டுப் பேச்சில் அத்தைதான். ஏழு வயதில் கேட்ட சொல்.

வீட்டு வாசலில் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தேன், பழக்கம். கையுறையைப் போட்டுவிட வேண்டுமென்றால் இரண்டு கையும் வேண்டும். வெளியே எடுத்தேன். பேரன் பார்த்தான். என் கையை அல்ல, கையுறையை. ஒரு கையில் போட்டேன், மற்றதில் போட்டேன். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரு கையை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கினான். என் கையைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. பதினைந்து மாதம் நான் பயந்துகொண்டிருந்த விடயம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதினைந்து மாதத்தை யார் எனக்கு அவிழ்த்துத் தருவார்கள்?

மகள் அந்தக் கையுறையைத் தொட்டுப் பார்த்தாள். நிறத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மா, இது என்ர தலையணை" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.

"நான் அழுகிறது உங்களுக்குத் தெரியுமோ அப்ப?"

"தெரியும்."

அவ்வளவுதான் கதைத்தோம். அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். அன்று இரவு, பிள்ளை நித்திரையான பிறகு, அடுப்படியில் இருந்துகொண்டு அவள் தகப்பனைப் பற்றிக் கதைத்தாள். 2009 க்குப் பிறகு அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வந்தது அன்றுதான். விடியும்வரை கதைத்தோம்.

பேரன் ஒவ்வொரு நாளும் கையுறையோடு நடந்தான் என்று நான் பொய் சொல்லமாட்டேன். சில நாள் கழற்றி எறிந்தான். ஒன்றைக் கோழிக்கூட்டுக்குள் போட்டான். ஆனால் அரை மணித்தியாலமாவது கையில் நின்றது. கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் கை சூடாக இருந்தது.

சுவெற்றரில் இன்னும் ஒரு கையும் உடம்பும் மிச்சம் இருக்கின்றன. பெருவிரல் வைத்த கையுறை பின்ன இப்போது ரீச்சரிடம் பழகுகிறேன். எங்கள் சங்கத்தில் இன்னும் நான்கு பேர் பழக வருகிறார்கள். அதில் ஒருவருக்கு இடது கை மடங்காது. அவருக்கு ஊசியை அக்குளில் இடுக்கிப் பிடித்துப் பின்னும் முறையை ரீச்சர் தேடி எடுத்திருக்கிறார். இதனால் பெரிய வருமானம் வரும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வெயிலில் கம்பளி விற்பனையாகாது. மலையகத்திலோ வெளிநாட்டிலோ சின்னப் பிள்ளைகள் உள்ள சொந்தம் நம்மில் அநேகருக்கு உண்டு. அவர்களுக்குப் பின்னி அனுப்பலாம். கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

உங்கள் பெட்டியின் அடியிலும் ஏதாவது கிடக்கலாம். எடுத்து, முதலில் உட்பக்கத்துத் தையலைப் பாருங்கள். ஒரே நூலாக அவிழுமென்றால் தொடங்குங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ண மறக்கவேண்டாம். நான் இப்போதும் மறந்துவிடுகிறேன்.